அம்மணிக்குப் போட்ட ஊசி

நாய் வளர்க்கிற வீட்டில் முதலில் பலியாவது செருப்புதான். எங்கள் வீட்டில் ஒரு ஜோடி முழுசாக இருந்ததாக நினைவே இல்லை. உங்கள் போலீஸ்காரர்கள் அழைத்து வந்தபோது நான் வெறுங்காலோடு இருந்ததற்குக் காரணம் அதுதான் ஐயா. ஓடப் பார்த்தேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

குட்டிகள் எங்கே என்று முதலில் கேட்டீர்கள். வாங்கியவர்கள் வீடு ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அங்கே முதலில் போங்கள் என்று சொன்னதும் நான்தான். இப்போது என் தங்கையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அவள் எப்படிச் செத்தாள் என்று சொல்ல வேண்டுமென்றால் நாயிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் ஒரு கால்நடை டாக்டரிடம் உதவியாளாக இருந்தவன். நாயை அசையாமல் பிடிப்பது, கட்டுப் போடுவது, ஊசியில் மருந்து ஏற்றிக் கொடுப்பது என் வேலை. டாக்டர் கடையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போனார், நான் நடுத்தெருவில் நின்றேன். அம்மா அப்பா போன பிறகு தங்கைக்கு நான்தான், எனக்கு அவள்தான். ராத்திரி இருக்கிற சாப்பாட்டை நான் அவள் பக்கம் தள்ளுவேன், அவள் என் பக்கம் தள்ளுவாள். இரண்டு பேருமே பசிக்கவில்லை என்று பொய் சொல்வோம். டாக்டர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, யாரோ வைத்தியத்துக்குக் கொண்டுவந்து திரும்ப வாங்க வராமலே போன ஒரு வெள்ளை நாய் அவரிடம் இருந்தது. சம்பள பாக்கிக்குப் பதிலாக எடுத்துக்கொள் என்றார். ஈரத் தரையில் கால் வைக்க யோசித்து யோசித்து நடந்த அதைப் பார்த்து, "பெரிய இடத்து அம்மணி, நம்ம வீட்டுக்கு வந்து மாட்டிக்கிச்சு" என்று தங்கை சிரித்தாள். அம்மணி என்பதே பெயராக நின்றுவிட்டது.

அது குட்டி போட்டபோது ஜனங்கள் போட்டி போட்டு வாங்கிப் போனார்கள். அதற்குப் பிறகு நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. பின்னறையில் கூண்டு மேல் கூண்டாக நாய்கள் வந்தன. தங்கை ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போவதற்கு முன்னும் வந்த பின்னும் அவற்றைக் கழுவித் துடைப்பாள்.

தொழில் என்றால் அதற்கென்று சில முறைகள் உண்டு. வாங்க வருகிறவர்கள் உள்ளங்கையில் அடங்குகிற குட்டியைத்தான் கேட்பார்கள். அதனால் பால் மறக்கும் முன்பே பிரித்துவிடுவோம், தீனியையும் கொஞ்சம் குறைத்தே வைப்போம். மூக்கு வளைந்தோ கால் சூம்பியோ பிறப்பவற்றை யாரும் வாங்க மாட்டார்கள். அவற்றுக்காக ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தேன். தங்கை கடைக்குப் போன பிறகுதான் அந்த வேலையைச் செய்வேன், அவளுக்கு மனசு தாங்காது. பெண் நாய்கள் ஒவ்வொரு பருவத்திலும் சினையாகும். ஓய்வு கொடுத்தால் நமக்குத்தான் ஓய்வு வந்துவிடும்.

"அண்ணா, இந்தத் தடவையாவது அம்மணிய விட்டுடுண்ணா. பல்லெல்லாம் கொட்டுது பாரு. நடந்தா வயிறு தரையில உரசுது."

"அடுத்த தடவை விட்டுடலாம்மா" என்பேன். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன், ஒவ்வொரு தடவையும் அவள் நம்பினாள். அவளை ஏமாற்றுவதற்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் வேண்டியதில்லை.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நிஜமான தடுப்பு மருந்துதான் வாங்கினேன். அது குளிரிலேயே இருக்க வேண்டிய மருந்து. ஒரு குளிர் நாளில் குட்டிகளுக்குச் சூடு வேண்டுமென்று ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரைச் சொருகினேன். திரும்ப மாற்ற மறந்துபோனேன். மருந்து முழுக்கக் கெட்டுவிட்டது. கெட்டதையே போட்டேன், எந்த நாயும் சாகவில்லை. பிறகு எதற்குப் புதிதாக வாங்க வேண்டும்? காலி மருந்துக் குப்பியில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஏற்றி வைத்துக்கொண்டேன். வாங்க வருகிறவர்கள் கண்ணெதிரில் தங்கை நாயைப் பிடிப்பாள், நான் போடுவேன். அவளுக்கு அது தண்ணீர் என்று தெரியாது. அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான் அவர்களும் நம்பினார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மணி கடைசியாகச் சினையாக இருந்தபோது, பின்கதவு இடுக்கு வழியாக ஒரு தெருநாய் உள்ளே வந்து அதன் காதைக் கடித்துவிட்டுப் போனது. வாயில் நுரை இருந்தது என்று தங்கை சொன்னாள். எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. "உடனே ஊசி போடுண்ணா" என்று அம்மணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்தது தண்ணீர் மட்டும்தான். நாளைக்கு எப்படியாவது நல்ல மருந்து வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அதையே போட்டேன். அவள் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு, "அவ்ளோதான் அம்மணி, இனிமே ஒண்ணும் பண்ணாது" என்றாள். அந்த நாளை என்பது வரவே இல்லை.

குட்டிகள் பிறந்து கண் திறந்து நடக்கத் தொடங்கியிருந்தன. ஒரு காலையில் தங்கை குட்டியை எடுத்துக் கொஞ்சக் குனிந்தபோது அம்மணி பாய்ந்து அவள் கன்னத்தைக் கவ்விவிட்டது. அதுவரை யாரையும் பார்த்து அது உறுமியதுகூட இல்லை. சோப்புப் போட்டு நெடுநேரம் நான்தான் கழுவினேன். நான் விடாமல் கழுவிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். "ஏண்ணா இப்படிப் பதறுறே? பெத்தவளுக்குக் கோபம் வராதா? ஊசி போட்ட நாய்தானே, நான்தானே பிடிச்சிக்கிட்டேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் இத்தனை நாள் அவள் பிடித்துக்கொடுத்த ஒவ்வொரு நாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். என்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயமாக இருந்தது.

காயத்தைப் பார்த்த ஜெராக்ஸ் கடைக்கார அம்மா அவளை விடவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போ என்று எனக்கே போன் செய்தார். போனோம். டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையாகக் கேட்டார்.

"நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கா?"

"போட்டிருக்கு டாக்டர். இப்பகூடப் போட்டோம், நான்தான் பிடிச்சிக்கிட்டேன்" என்றாள் தங்கை.

"இருந்தாலும் முகத்துல கடி. உங்களுக்கும் ஊசி ஆரம்பிக்கறதுதான் நல்லது. நாய் எங்க இருக்கு, எத்தனை இருக்குன்னு சொல்லுங்க, சுகாதாரத் துறைக்குத் தகவல் குடுக்கணும்."

சுகாதாரத் துறை வந்தால் பின்னறையைத் திறக்க வேண்டும். அன்று சாயங்காலம் குட்டி பார்க்க ஆள் வருவதாக இருந்தது. "வீட்டு நாய்தான் டாக்டர், ஒரே நாய். எல்லா ஊசியும் போட்டது. தேவைப்பட்டா நாளைக்கு வர்றோம்" என்றேன். அவர் தங்கையைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "ஊசின்னாலே எனக்குப் பயம், நல்லவேளை சொன்னே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் அம்மணி தண்ணீர்க் கிண்ணத்தைக் கண்டால் ஒதுங்கியது. குரல் கம்மிப்போனது, தாடை தொங்கி எச்சில் வழிந்தது. பால் கொடுக்கிற நாய்க்குக் கால்சியம் குறைந்தாலும் நடுக்கம் வரும் ஐயா, நீங்கள் எந்தக் கால்நடை டாக்டரிடமும் கேட்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். தங்கையிடம் பின்னறைக்கு மருந்து அடித்திருக்கிறது, உள்ளே வராதே என்றேன். குட்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன். அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் அம்மணி செத்தது. பின்கட்டில் புதைத்தேன். அதைத்தான் நேற்று நீங்கள் தோண்டி எடுத்தீர்கள்.

அவள் வந்து தேடினாள். தோட்டம் வைத்திருக்கிற ஒருவருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டேன், இனி அம்மணி குட்டி போட வேண்டியதில்லை, காலம் முழுக்க வெயில் காய்ந்துகொண்டு படுத்திருக்கலாம் என்றேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அழுதுவிட்டாள்.

"நிஜமாவாண்ணா? நான் கேட்டதுக்காகவா விட்டே?"

ஆமாம் என்றேன். என் தோளில் சாய்ந்துகொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பிறந்ததிலிருந்து என்னைப் பற்றி அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வேன்? உங்களுக்கும் கூடப்பிறந்தவர்கள் இருப்பார்கள், சொல்லுங்கள்.

சில வாரங்கள் அவள் நன்றாகவே இருந்தாள். காயம்கூட ஆறிவிட்டது. ஒன்றும் ஆகாது என்று நான் கிட்டத்தட்ட நம்பியே விட்டேன். பிறகு கன்னத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கிறது என்றாள். அடுத்த நாள் தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோய்க் கீழே போட்டாள். ஃபேனைப் போட்டால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பெரிய ஆஸ்பத்திரியில் தனி அறையில் கட்டி வைத்தார்கள். இனி எந்த மருந்தும் வேலை செய்யாது என்று டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார். நடுநடுவே அவளுக்குத் தெளிவு வரும். அப்படி ஒரு தடவை, "அம்மணி அங்க நல்லா இருக்கால்ல?" என்று கேட்டாள். நல்லா இருக்கா என்றேன். அதன் பிறகு அவள் பேசியது எதுவும் புரியவில்லை. அவள் போய்விட்டாள் ஐயா, நான் வளர்த்த பெண் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காமல் போய்விட்டாள்.

தெரிந்தே செய்தாயா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சந்தேகம் வேறு, தெரிவது வேறு. நான் டாக்டர் இல்லை. நாயின் தலையை வெட்டிச் சோதித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று நான் வேலை பார்த்த டாக்டரே சொல்வார். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று நான் கும்பிடாத நாள் இல்லை. அவளுக்காகத்தான் இந்தத் தொழிலே.

என் கைத் தழும்பைக் காட்டிக் கேட்டீர்கள் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். அம்மணியைத் தூக்கிக் குழியில் போட்டபோது, கூண்டுக் கம்பி கிழித்த அந்த இடத்தில் அதன் எச்சில் பட்டுவிட்டது. மண்ணை மூடிவிட்டுக் குளித்தேன். பஸ் ஏறி, என்னை யாருக்கும் தெரியாத ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தெருநாய் கடித்துவிட்டது என்று சொல்லி அன்றைக்கே ஊசி ஆரம்பித்தேன். வரச் சொன்ன நாளெல்லாம் தவறாமல் போனேன், ஒன்றுகூட விடவில்லை. முதல் ஊசி போட்ட நர்ஸ் நல்ல பெண். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, "வீட்ல வேற யாரையாவது கடிச்சிருந்தா இப்பவே கூட்டிட்டு வாங்க, இன்னும் நேரம் இருக்கு" என்றாள்.

வீட்டில் நான் மட்டும்தான் என்றேன்.