முகம் பொருந்தவில்லை

...கேமராதாம்மா கோளாறு, வேற ஒண்ணும் இல்ல. ரிப்பேர் கடைலேருந்து வந்திருக்க, உனக்குத் தெரியாததா? காலைலேருந்து இந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி பாஸ்போர்ட் போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி உக்காந்து நேரா பாக்கறேன், இடது பக்கம் திரும்பறேன், வலது பக்கம் திரும்பறேன்... 'முகம் பொருந்தவில்லை'ங்குது. எதோட பொருந்தல? அம்பத்தாறு வருஷமா இதே முகத்தைத்தானே மாட்டிக்கிட்டுத் திரியறேன்!

மீசைதான் இடிக்குதோன்னு அதையும் எடுத்துட்டேன். முப்பது வருஷ மீசைம்மா! அதுக்குப் பொருந்தலங்கறது இருக்கட்டும், இப்ப எனக்கே பொருந்தல.

மணி என்ன, நாலா? முகம் பொருந்தினாத்தான் பரீட்சை தொறக்கும், அஞ்சுக்கு அதுவும் மூடிரும். இதான் கடைசி வாய்ப்பு. கிடங்குல இருபத்தெட்டு வருஷம், அதுல பதினோரு வருஷம் சூப்பர்வைசர். இப்ப திடீர்னு பாதுகாப்புச் சான்றிதழ் வேணுமாம், ஆன்லைன்ல படிக்கணுமாம். இல்லாட்டி கேட்டுல உக்காந்து லாரி நம்பர் எழுதணும். நான் வேலை கத்துக்குடுத்தவனுங்க உள்ள வர்றப்ப நான் எந்திரிச்சுக் கதவு தொறக்கணும். எப்படி இருக்கு?

ஆன்லைன்ல படிச்சு ஜெயிக்கிறது எப்படின்னு ஒரு தாள் வேற அனுப்பினாங்க. மகா ஞானிங்க! படிக்கத் தனி இடம் வேணுமாம். இருக்கே, துணி காயப்போடற ரூம்! அட்டவணை போடணுமாம். போட்டேனே, ஸ்கேல் வெச்சு, மூணு கலர்ல. அதைப் போட்ட களைப்புல ரெண்டு நாள் படிக்கவே முடியல. கூடப் படிக்கிறவங்களோட கலந்து பேசணுமாம். 'வணக்கம்'னு போட்டேன். நாப்பது பேர் 'வணக்கம்'னு போட்டாங்க. அதோட கலந்தாச்சு.

அந்த வீடியோ இருக்கே... பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நின்னுபோய் 'இருக்கிறீர்களா?'ன்னு கேக்கும். பட்டனை அமுக்கலன்னா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். நீயே சொல்லு, இது படிப்பா, ஐசியூவா? வேலை விட்டு வந்த மனுஷன் கொஞ்சம் கண்ணை மூட வேணாமா? அதான் வீட்டுக்காரிகிட்ட, 'நீ சும்மாதானே இருக்க, அது கேக்கறப்ப அமுக்கிவிடு'ன்னேன். சும்மாதானேன்னு சொன்னதுக்கு முறைச்சா பாரு ஒரு முறை... அதை விடு. பன்னண்டு வாரம், காய் நறுக்கிக்கிட்டே அமுக்கினா. அதோட நிக்கணுமில்ல? நோட்டு வாங்கி எழுத ஆரம்பிச்சுட்டா! சோத்துல கை வெக்கறேன், 'என்னங்க, உங்க கிடங்குல அவசர வழியை மறைச்சுப் பெட்டி அடுக்குவீங்களா?'ங்கறா. அடுக்குவோம்தான். இவளுக்கு எதுக்கு அது?

என்னம்மா பாக்கற? கேமரா நல்லாருக்கா? இன்னொரு தடவை பாரேன்... பதிவு பண்ண படமா? எந்தப் படம்? முதல் நாளே முகத்தை எடுத்து வெச்சிருக்குமா? முதல் நாள் அவளைத் தொறந்து வெக்கச் சொல்லிட்டு நான் குளிச்சுக்கிட்டில்ல இருந்தேன். 'என்னங்க, நேரா பாக்கச் சொல்லுது, திரும்பச் சொல்லுது'ன்னு அவதான் வெளிலேருந்து கத்தினா. 'சொன்னபடி செஞ்சு தொலையேன்டி'ன்னேன்...

ஸ்கிரீனை இப்படித் திருப்பு.

...அவதான். சிரிக்கறா வேற. கீழ என் பேரு.

ஒரு நிமிஷம் இரும்மா. ஏய், இங்க வா! சீக்கிரம்! இது முன்னாடி உக்காரு. நீதான் எல்லாத்தையும் படிச்சிருக்கியே, எழுதிரு... என்னது? மாட்டியா? என் வேலைடி! ...ஓ. சரி. சரிம்மா தாயே. போ.

கேட்டியா? தப்பு நடந்தா, பண்ணினவனே அன்னைக்கே ஆபீசுக்கு வாயால சொல்லணுமாம். ஒன்பதாவது பாடமாம். மேல பேசினா பத்தாவதும் வரும்.

இல்ல... அவ சொல்றதுலயும் என்ன தப்பு? பன்னண்டு வாரமா இந்த வீட்ல ஒருத்தர் படிச்சாங்க. யாருன்னு கேமராவுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அதைப் போய்க் கோளாறுங்கறேன்.

பையை மூடிட்டியா? இரும்மா, போன் பண்றவரைக்குமாவது கூட இரு. ஆபீஸ் நம்பர் இதான்... ரிங் போகுது.

ஏம்மா, 'நான்தான் பேசறேன்'னா நம்புவாங்களா?