சில்லறை எண்ணிய ஞாயிறு

சில்லறை எண்ணினால் கையில் ஒரு நாற்றம் ஒட்டிக்கொள்ளும். சவர்க்காரத்துக்குப் போகாது, தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்து தேய்க்க வேண்டும். எங்கள் தொடர்மாடியில் இதை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

என் பெயர் கனகசபாபதி. வெள்ளவத்தையில் எங்கள் ஏழு மாடிக் கட்டடத்தின் நலன்புரிச் சங்கத்துக்கு ஒன்பது வருடமாக நான்தான் தலைவர். என்னை விட்டால் அங்கே ஒரு பல்ப் மாற்றவும் ஆளில்லை. வாய் மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது.

சில்லறை சேர்க்கும் யோசனையும் என்னுடையதுதான். பள்ளிக்கூடக் கொப்பி ஆனை விலை விற்ற வருடம் அது. கொட்டாஞ்சேனையில் ஒன்று, கிராண்ட்பாஸில் ஒன்று, இரண்டு சிறிய பள்ளிக்கூடங்களுக்குக் கொப்பியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுப்பதாக அறிவித்தோம். பழைய பால்மா டின்களில் துளை வெட்டி வீடு வீடாக, கடை கடையாக வைத்தோம். கடைகளில் பால்மாதான் இல்லை, டின்னுக்குக் குறைவில்லை.

அந்த மாதங்களில்தான் என் மனைவி கௌரி காலமானா. முப்பது வருடம் ஒரு பெரிய கல்லூரியில் படிப்பித்தவ. அங்கே அவவின் பெயரில் ஒரு கதிரைகூடக் கிடையாது. எனக்கு அது தாங்க முடியாமல் இருந்தது. சேரும் பணத்தை அந்தக் கல்லூரி வாசிகசாலைக்குக் கொடுத்து, சுவரில் அவவின் பெயரைப் பதிக்கலாம் என்று முடிவெடுத்தேன். அதுவும் பள்ளிக்கூடம்தானே. கல்லூரி வாசிகசாலைக்குச் சங்கத்தின் நன்கொடை என்று அவவின் பெயரோடு வெட்டிய சலவைக்கல்லை முன்கூட்டியே செய்வித்து, பத்திரிகைத் தாளில் சுற்றிக் கட்டிலின் கீழே வைத்தேன்.

அதை நிஷாந்தினி பார்த்துவிட்டாள். கட்டடத்தின் படிகளையும் என் வீட்டையும் கூட்டித் துடைப்பவள் அவள். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு அறையில் மகளோடு இருந்தாள். கை சுத்தமான பிள்ளை. அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். மகள் டில்ஷானி படித்தது நாங்கள் அறிவித்த அந்தக் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில்தான்.

"ஐயா, எங்க புள்ள படிக்கிற பள்ளிக்கூடத்துக்குன்னு சொல்லித்தானே நான் கடை கடையா ஏறி எறங்கி டின்ன நீட்டினேன்?" என்று கேட்டாள்.

"அது சங்கத்தின்ர விஷயம். நான் பாத்துக்கொள்ளுறன், நீர் பேசாமல் இரும்" என்றேன்.

"நீங்க சொல்லலன்னா, எண்ணுற அன்னைக்கு நானே எல்லார் முன்னுக்கும் சொல்லிருவேங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அப்போது தினமும் மின்வெட்டு என்பது உங்களுக்கு நினைவிருக்கும். ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. அதனால் எங்கள் கட்டடத்தில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். கரண்ட் போவதற்குச் சற்று முன்னால் லிஃப்டைக் கீழே இறக்கி, உள்ளே ஆளில்லை என்று பார்த்து, சுவிட்சை நிறுத்தி, 'லிஃப்ட் நிறுத்தப்பட்டுள்ளது' என்ற பலகையை நான் கதவில் தொங்கவிடுவேன். பலகை தொங்கினால் லிஃப்ட் கீழே வெறுமையாக நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

எண்ணியது ஒரு ஞாயிறு பின்னேரம், கீழே கார் நிறுத்தும் இடத்தில். பாய் விரித்து, பித்தளைத் தாம்பாளங்கள் வைத்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நிஷாந்தினியை அழைத்து, என் வீட்டில் இன்னும் இரண்டு மூட்டை இருக்கிறது, எடுத்து வரும்படி சொன்னேன். அவள் கைப்பையை என் கதிரையில் கொழுவிவிட்டுப் போனாள். சில்லறை மூட்டையைப் படியால் யாரும் இறக்க மாட்டார்கள். லிஃப்டில்தான் வருவாள். நேரமும் எனக்குத் தெரியும்.

கரண்ட் போனது. நான் எழுந்து போய்ப் பலகையைத் தொங்கவிட்டேன். அந்தப் பலகையில் பொய் ஒன்றும் இல்லை. லிஃப்ட் நின்றுதான் இருந்தது.

என் எண்ணம் மிகச் சிறியது. வாசிகசாலை அறிவிப்பைச் சொல்லி முடிக்கும் வரைக்கும் அவள் மேலே இருக்கட்டும், அவ்வளவுதான். அறிவித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கொட்டாஞ்சேனையை யாரும் கேட்கவில்லை. அப்போதே போய்த் திறந்திருக்கலாம். திறக்கும் சாவி என் பொக்கற்றில்தான் இருந்தது. ஆனால் திறந்தால் வெளியே வரப்போவது பழைய நிஷாந்தினி அல்ல. கல்லைப் பற்றியும் சொல்வாள், லிஃப்டைப் பற்றியும் சொல்வாள். ஒவ்வொரு நிமிஷமும் சொல்வதற்கு அவளுக்கு விஷயம் கூடிக்கொண்டே போனது. நீங்கள் என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். அடைபட்டது அவள் மட்டும் என்று நினைக்கிறீர்கள்.

பிறகு தட்டத் தொடங்கினாள். லிஃப்டின் அலாரம் எப்போதோ பழுது. ஒரு நாணயக்குத்தியால் கதவில் தட்டியிருக்கிறாள். மூன்றாம் மாடி உஷாந்திக்குத்தான் முதலில் கேட்டது.

"அங்கிள், எங்கையோ தட்டுற சத்தம் கேக்குது எல்லே?"

"பழைய கட்டடம் பிள்ளை, சத்தம் வரத்தான் செய்யும்" என்றேன். பழைய கட்டடம்தான்.

பக்கத்தில் இருந்த மூட்டையை அவிழ்த்துத் தாம்பாளத்தில் கொட்டினேன். பித்தளையில் சில்லறை விழும் சத்தம் உங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் வேறு எதுவும் கேட்காது. எண்ணி முடித்ததைத் திரும்பக் கொட்டி, கணக்கில் பிழை இருக்கக் கூடாது, மறுபடி எண்ணுவோம் என்றேன். அலுத்துக்கொண்டாலும் எண்ணினார்கள். எங்கள் ஆட்கள் காசு விஷயத்தில் பிழை விடமாட்டார்கள். அப்படி மூன்று நான்கு தரம் கொட்டினேன். ஒரு தரம் கொட்டி ஓய்ந்தபோது மேலே சத்தம் இல்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். "இனி ஆறுதலா எண்ணுங்கோ" என்றேன்.

கரண்ட் வந்ததும் லிஃப்ட் தானாகவே கீழே வந்து கதவைத் திறந்தது. அதை நான் யோசித்திருக்கவில்லை. நிஷாந்தினி இரண்டு மூட்டைகளிலும் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உஷாந்தி வைத்த கூச்சலில் தாம்பாளம் ஒன்று கவிழ்ந்தது. நான்தான் முதலில் ஓடிப் போய் நாடி பிடித்துப் பார்த்தேன்.

அவளுக்கு முட்டு வருத்தம் இருந்தது. கூட்டும் தூசிக்கே மூச்சு இழுக்கும். தெரியுமா என்று கேட்டால், தெரியும். இன்ஹேலர் கைப்பைக்குள் இருந்தது. பை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதுவும் தெரியும்.

பலகையைப் பற்றிக் கேட்டவர்கள், வயது போன மனிதர், அன்றைக்கு உள்ளே பார்க்க மறந்துவிட்டார் என்று தாங்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. பாவம் கனகசபாபதி என்றார்கள். பணம் முழுவதையும் அவள் பெயரில் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கௌரியின் கல் இன்னும் கட்டிலின் கீழேதான் கிடக்கிறது. எனக்கு அதில் மனவருத்தம் இருக்கிறது.

அந்தப் பிள்ளை டில்ஷானி பொலிஸுக்கு வந்து உங்களிடம் சொல்லாமல் இருந்திருந்தால் இது விபத்தாகவே முடிந்திருக்கும். நான் சில்லறை கொட்டிக்கொண்டிருந்தபோது கைப்பைக்குள் போன் அடித்தது. விடாமல் அடித்தது, எல்லோரும் பார்த்தார்கள். எடுத்துக்கொண்டு கொஞ்சம் அப்பால் போனேன்.

"அம்மா எங்க அங்கிள்? போன் எடுக்கவே இல்லயே?"

"அம்மா என்ர பக்கத்திலதான் இருந்து சல்லி எண்ணுறா. முடிஞ்ச உடன எடுப்பா" என்றேன்.

பிள்ளை "சரி அங்கிள்" என்று வைத்துவிட்டது. அந்த அழைப்பு வந்த நேரத்தையும் மின்வெட்டு நேரத்தையும் நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். கெட்டித்தனம்தான். ஓம், அவள் உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்துதான் சொன்னேன். இந்த முழு விஷயத்திலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதைக்கூட, பிள்ளை பயந்துவிடக் கூடாதே என்றுதான் சொன்னேன்.