சர்பத்தில் விட்ட சொட்டு

"ஹலோ… ஹலோ… பாலக்காடா? மச்சானுங்களா? நாந்தானுங்க, அலியார்… ஆமா, ஆமா, பீர்மேட்டுல இருந்துதான்… சலாம் எல்லாம் அப்புறமுங்க…"

எஸ்டேட் துரை பங்களாவின் சமையல்காரன் அலியாருக்கு இந்த ட்ரங்க் கால் கிடைப்பதற்குள் உயிர் போய்ப் போய் வந்தது. அக்காள் மகள் மெஹருன்னிசாவுக்கு இன்று நிக்காஹ். போக லீவு கிடைக்கவில்லை. எதிர்முனையில், கல்யாண வீட்டுக்குப் பக்கத்துக் கடைப் போனில், பெண்ணைப் பெற்ற அத்தா அப்துல் சமது.

"நிக்காஹ் ஆச்சுங்களா?… இன்னும் இல்லியா? நல்லதாப் போச்சு… ஐயோ, அப்படியில்ல… ஏனுங்க, நான் குடுத்தனுப்பின குட்டி பாட்டில் எங்க?… அதேதானுங்க, ஒட்டின லேபிள் காகிதம் கழுத்துக்கு மேல ஏறி நிக்குமே… என்னது, சர்பத்துல ஊத்தியாச்சா?… ஆமா, நாந்தான் சொன்னேன்… வாசனை தூக்குதா… யாராச்சும் குடிச்சாங்களா?… அல்லா காப்பாத்தினான். ஓடிப்போயி அண்டாவ மூடச் சொல்லுங்க… காரணம் அப்புறம்! மாப்பிள்ளையோட அத்தா பக்கத்துலயா இருக்காரு?… அப்ப வாயத் தொறக்காதீங்க. போங்க, நான் லைன்ல நிக்கறனுங்க."

அலியாரைச் சொல்லி என்ன பயன்? துரை அதை ஜின் கிளாஸில் நாலு சொட்டு விடுவார், துரைசாணி புட்டிங்கில் ரெண்டு சொட்டு. வயிறு உப்பினாலும் அதே பாட்டில்தான். சாராயத்தை யாராவது சொட்டு எண்ணிக் குடிப்பார்களா? ஓமத் தண்ணி மாதிரி ஏதோ வாசனையான கசப்பு மருந்து என்றே நினைத்தான். பாதி பாட்டிலை இனாமாகக் கொடுத்த துரை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கலாம். கல்யாணத்துக்கு அனுப்பிய கதையை இன்று கேட்டபிறகுதான் விழுந்து விழுந்து சிரித்தார். பிராந்தியைவிட வீரியமான சரக்காம்.

"ஹலோ… வந்துட்டீங்களா மச்சான்? மூடியாச்சா?… ம்… கேளுங்க. அது மருந்தில்லீங்க, சாராயம்! சத்தியமா எனக்கே இன்னிக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்குத் தெரியாம கொல்லப்பக்கம் கொட்டிடுங்க. வேற கலக்கிக்கலாம். அந்தப் பெரியவரு ரொம்பக் கண்டிப்பு, தெரிஞ்சா மாப்பிள்ளையக் கூட்டிட்டு எந்திரிச்சே போயிடுவாரு… கேக்குதுங்களா?… குரல் வேறயா இருக்கே… ஆரு?"

அலியார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"மாப்பிள்ளையோட… அத்தாவுங்களா? சம்மந்தி, இல்லீங்க… மச்சானுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க… குத்தம் எம்மேல, புள்ள என்னங்க பண்ணுச்சு… ஹலோ? ஹலோ?…

எக்ஸ்சேஞ்சுங்களா? பேசிட்டிருக்கறப்பவே லைன் அறுந்து போச்சுங்க, திரும்பக் குடுங்க… அறுந்து போகலியா?… ஓ… அவங்களே வச்சுட்டாங்களா."