வீட்டுக்கு வாரும், கேட்டீரா

ராத்திரி ஒரு மணி இருக்கும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிற ரோடு. ரெண்டு பக்கமும் ரப்பர் மரம்... பொட்டு வெளிச்சம் கிடையாது. ரோட்டோரம் ஒரு பழைய ஆம்னி வேன். அதற்குள் முன் சீட்டைச் சாய்த்து, காலை மடக்கி ஒருத்தன் படுத்திருக்கிறான். பெயர் டெல்வின்.

சிரிக்காதே ஜெபிஷ். மழை விடாமல் நம்ம கிறிஸ்மஸ் கேரல் பாட்டு டெம்போவும் நகரப் போவதில்லை. அந்த ட்ரம்மைத் தள்ளி வைத்துவிட்டு நெருங்கி உட்கார். டெல்வின் வேறு யாருமில்லை, நம்ம எபிசனின் பெரியப்பா மகன். எபிசன் இங்கேதான் இருக்கிறான், பொய்யானால் அவனே சொல்லட்டும்.

டெல்வின் தெருவுக்கு வந்தது ஊர் வழக்கப்படிதான். குடும்ப வீடு இளைய மகனுக்கு. தம்பிக்குக் கல்யாணம் முடிந்த மறுவாரமே அண்ணனின் கட்டிலும் பெட்டியும் முற்றத்துக்கு வந்துவிட்டன. மனைவி சுபிதா, மகள் ஜெஸ்பினைக் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "ஒரு வீடு பாத்துட்டுக் கூப்பிடுங்க. அதுவர நா பிள்ளையக் கொண்டு வரமாட்டேன்" என்று ஒரே பேச்சு. கூட்டாளி ரூமில் தங்கியிருப்பதாக அவளிடம் சொன்னான். தங்கியது ஆம்னியில்.

வண்டியில் குடியிருப்பது லேசுப்பட்ட காரியமில்லை, பார்த்துக்கோ. கண்ணாடியை ரெண்டு விரல் இறக்கி வைக்காவிட்டால் மூச்சு படிந்து வெளுத்துப்போகும். உள்ளே ஆள் கிடப்பது ஊருக்கே தெரிந்துவிடும். விடியுமுன் சானல் வாய்க்காலில் குளிப்பான். கம்பியில் தொங்கவிட்ட சட்டையை மாட்டி, பவுடர் போட்டுக்கொண்டு டயர் கடை வேலைக்குப் போவான். அங்கே ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது. பகல் எப்படியோ ஓடிவிடும். ராத்திரிதான் பாடு. ஒரு இலை விழுந்தால் எழுந்துவிடுவான். யார் வந்து கண்ணாடியைத் தட்டுவார்களோ, யார் விரட்டுவார்களோ... பாவம், மனுஷன் நிம்மதியாக உறங்கி மாசக்கணக்காகியிருந்தது.

அப்படி ஒரு மழை ராத்திரியில்தான் கேட்டது. பின் சீட்டில்... மூச்சு. ஆழமாக இழுத்து விடுகிற மூச்சு, நடுவில் ஒரு சின்ன விசில். கூடவே ரப்பர் பால் புளித்த நாற்றம்.

டெல்வின் திரும்பவில்லை. திரும்பினால் பார்க்க வேண்டும்; பார்த்தால் இறங்கி ஓட வேண்டும். ஓடி எங்கே போவான், நீயே சொல்லு? பேய்க்குப் பயந்து ஓடுவதற்கும் ஒரு வீடு வேண்டாமா?

வியர்த்துக் கொட்டியது. கடைசியில் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "நீரு அங்க கெடயும். நா இங்க கெடக்கேன்" என்றான்.

மூச்சு ஒரு நொடி நின்றது... பிறகு பழையபடி ஓடியது. அன்றைக்கு டெல்வின் விடியும்வரை உறங்கினான்!

பிறகு தினமும் அப்படித்தான். பின்னால் ஒரு ஆள் காவல் கிடக்கிறது என்கிற தைரியத்தில் உறக்கம் வந்தது. உறக்கம் வந்ததும் உடம்பு தேறியது, புத்தி தெளிந்தது, வேலையில் கை ஓடியது. திருநந்திக்கரைப் பக்கம் வாடகைக்கு ஒரு வீடும் அமைந்தது.

வீட்டு முற்றத்தில் வேனை நிறுத்தி, துணிமணியை இறக்கிவிட்டு, கதவைச் சாத்தும்போதுதான் அந்தத் தப்பைச் செய்தான். நம்ம ஊர்க்காரன் வாய் சும்மா இருக்குமா? பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவரிடம்கூட வீட்டுக்கு வாங்க என்று சொல்லாமல் இறங்குவோமா? அதே பழக்கம். ஆளில்லாத பின் சீட்டைப் பார்த்து, "அப்போ நா வாறேன். ஒரு நாளு வீட்டுக்கு வாரும், கேட்டீரா?" என்று சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை சுபிதாவும் பிள்ளையும் வந்தார்கள். உபதேசியார் ஜெபம் பண்ண, பால் காய்ச்சினார்கள். ராத்திரி ஹாலில் பாய் விரித்து மூன்று பேரும் படுத்தார்கள். ஜெஸ்பின் அப்பா மேல் காலைப் போட்டுக்கொண்டு உறங்கினாள். சந்தோஷத்தில் டெல்வினுக்கு அழுகை வந்தது.

ஆனால் உறக்கம் வரவில்லை. காலை நீட்டினால் முட்ட ஒன்றும் இல்லை. நீட்டினான்... மடக்கினான்... புரண்டான். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது, அந்த மூச்சு இல்லை. இத்தனை பாடுபட்டு வீடு கிடைத்த பிறகும் மனசு வேனைத் தேடுகிறதே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒறங்கலியா?" என்றாள் சுபிதா.

"வண்டிக் கண்ணாடி தொறந்து கெடக்கு பிள்ளே. மழ வரும். ஏத்திட்டு வாறேன், நீ ஒறங்கு."

வீட்டுக் கதவைச் சும்மா சாத்திவிட்டு முற்றத்தில் இறங்கினான்.

வேனின் பக்கக் கதவு முழுசாகத் திறந்து கிடந்தது. அவன் திறக்கவில்லை. பின் சீட்டில் கையை வைத்தான்... சூடு. இப்போதுதான் யாரோ எழுந்து போன சூடு.

முதுகுக்குப் பின்னால் வீட்டுக் கதவு... டக்.

ஓடினான். உள்ளே தாழ் போட்டிருந்தது. கையால் முட்டினான். சுபிதாவைக் கூப்பிட வாயைத் திறந்தான். சத்தமே எழும்பவில்லை. மறுபடியும் முட்டினான். உள்ளே தன் பிள்ளை இருக்கிறது... பொண்டாட்டி இருக்கிறாள்... பைத்தியக்காரன்போல முட்டினான்.

உள்ளே ஜெஸ்பின் எழுந்துவிட்டாள். "அப்பா... கதவுல ஆரோ முட்டுகாவ."

பாய் சரசரத்தது. வெறுங்கால் நடந்து வருகிற சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. நடுவில் ஒரு பலகைதான்.

"ஆரும் இல்ல மக்கா. நீ ஒறங்கு."

டெல்வினின் குரல். அச்சு அசல் அவன் குரல்.

அப்புறம் மேல் தாழ்ப்பாளையும் போடுகிற சத்தம் கேட்டது.