ஜெபத்துக்காக மட்டும் சொல்கிறேன்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் போதகர் ஐயா அவர்களே, சபையைத் தாங்கி நிற்கும் மூப்பர்களே, எங்களுக்காக முழங்காலில் நிற்கும் தாய்மார்களே, எப்போது முடியும் என்று வாசலிலேயே நிற்கும் அண்ணன்மார்களே, அனைவருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்!

பிறரைக் கட்டியெழுப்பும் பேச்சைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மேடைக்கு நான் புதிது. இருக்கட்டும், வாய் பழையதுதானே!

நாம் கெட்ட வார்த்தை பேசுகிறவர்களா? இல்லை. தெருவில் நின்று சாபமிடுகிறவர்களா? இல்லவே இல்லை. நாம் ஜெபிக்கிறவர்கள். ஆனால் ஜெபத்தின் பெயராலேயே ஒருவரைச் சாய்த்துவிடும் சாமர்த்தியமும் நம்மிடம்தான் இருக்கிறது!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனி வருவது என் அக்காவின் கதை. அவளைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "சொல்லுடி. எல்லாருக்கும் தப்பாத் தெரிஞ்சிருக்கு, ஒரு தடவை சரியாத் தெரியட்டும்" என்றாள்.

அக்கா துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பவள். உடன் வேலை செய்யும் ஒருத்திக்குப் பிரசவத்தில் இரத்தம் தேவைப்பட்டது. அக்கா ஓடினாள், கொடுத்தாள், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நம் சபையில் ஒருவர் அதைப் பார்த்தார். பக்கத்தில் வந்து என்னவென்று கேட்டாரா? கேட்கவில்லை. ஜெபக்குழுவில் போய்ச் சொன்னார்.

"முகமெல்லாம் வெளிறிப் போய் உட்கார்ந்திருக்கா. ஜெபத்துக்காக மட்டும் சொல்றேன்க்கா, வெளியில விட்டுடாதீங்க."

வெளியில் விடவில்லை; அடுத்த வீட்டுக்குள் விட்டார்கள்!

"இரத்தத்துல ஏதோ கோளாறாம். பாரத்தோட ஜெபிங்க."

"ஐயோ, நிச்சயம் வேற பண்ணப் போறாங்களே! மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?"

"தெரியலைன்னா நாமதானே சொல்லணும்? அவங்களும் ஜெபிப்பாங்கல்ல."

மாப்பிள்ளை வீட்டார் ஜெபித்தார்களா? "இப்போதைக்கு வேண்டாம்" என்று ஃபோனில் சொன்னார்கள். அம்மா நடந்ததைச் சொன்னாள். "பெத்தவங்க மறைக்கத்தானேம்மா பார்ப்பீங்க" என்றார்கள். இந்த ஞாயிறு வேறு பெண் பார்க்கப் போகிறார்களாம். போனால் போகட்டும் என்கிறார் அப்பா. அக்கா அப்படிச் சொல்லவில்லை. பாடகர் குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

ஐயா, மணியில் கை வைக்காதீர்கள். இன்னும் கொஞ்சம்தான்.

அன்பர்களே! ஆண்டவரிடம் ஒருத்திக்காகப் பேச அடுத்த வீட்டுக்கு ஏன் போக வேண்டும்? ஆண்டவருக்குக் காது கேட்காதா? எங்கள் வீட்டு விலாசம் தெரியாதா? வாடியவளின் பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பது ஆளைக் கட்டியெழுப்பும் பக்திவிருத்தி. அவள் இல்லாத அறையில் அவளுக்காக உச்சுக்கொட்டுவது எந்த விருத்தி?

என்ன பெரியப்பா? "சின்னப்பிள்ளை பேசுற பேச்சா இது?" என்கிறீர்களா? பெரியவர்கள் யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் பேசவில்லை.

மன்னிப்புக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வராதீர்கள். சொன்ன வீட்டுக்குத் திரும்பிப் போங்கள். சொன்னவரிடமே சொல்லுங்கள்: விசாரிக்காமல் சொல்லிவிட்டேன், அது உண்மையில்லை என்று. இடித்த வாய் எதுவோ அந்த வாயே கட்டட்டும்! நாளைக்கு இல்லை, இன்றைக்கே கட்டட்டும்!

தாய்மார்கள் பக்கத்தில் யாரோ எழுந்திருக்கிறார்கள். சத்தமாகச் சொல்லுங்கள் அத்தை, கேட்கவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுல சொன்னது நான்தான்டி. நானே போறேன். தனியாப் போகத்தான் ஒரு மாதிரி இருக்கு. நீயும் கூட வர்றியா?"

வருகிறேன் அத்தை. செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தலைவர் ஐயா அவர்களே, இன்னும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அது இனித் தேவையில்லை. பொறுமையாகக் கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும் நன்றி. கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளிலும் உங்கள் வாய்களிலும் தங்கட்டும். ஸ்தோத்திரம்!