பக்கத்து வீட்டோடு தகராறு எதுவும் இல்லை

உன் அம்மா வீட்டு முன்கேட்டைத் தள்ளினால் சாத்தாது டெஸ்ஸா, கொஞ்சம் தூக்கித்தான் சாத்த வேண்டும். நேற்று நீ தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போனாய். நான் வந்து சாத்தினேன். உட்கார் கண்ணு. பழக் கேக் உனக்குப் பிடிக்கும் என்று உன் அம்மா ஹெஸ்டர் சொல்லியிருக்கிறாள்.

உன்னைக் கூப்பிட்ட காரணம் இதுதான். நேற்று அடக்கம் முடிந்து சர்ச் கூடத்தில் எல்லோரும் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீ எங்கள் சந்துக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய், "எங்கம்மா அந்த மரத்துக்குப் பண்ணதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எதிர்வீட்டு கீத் டட்டன் உன் தோளைத் தட்டி, "விடும்மா, போனவங்களப் பத்தி இனி என்ன பேச்சு" என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை. என் சிநேகிதியின் பெயர் அப்படிக் கெட்டுப்போய்க் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உன் அம்மா தன் முன்தோட்டத்து பீச் மரத்துக்கு எதுவும் செய்யவில்லை. செய்தது நான்.

கேக்கைச் சாப்பிடு. நிதானமாகவே சொல்கிறேன்.

உன் அப்பா போன அதே குளிர்காலத்தில்தான் என் வீட்டுக்காரர் ரெக்கும் போனார். அதற்குப் பிறகு ஹெஸ்டர் தினமும் நாலு மணிக்கு இங்கே வந்துவிடுவாள். மழை, பனி எதுவும் பார்க்க மாட்டாள். நீ ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாய். நீ என்ன சொன்னாய் என்பதைத் திங்கட்கிழமை எனக்குச் சொல்வாள். உன்னை நான் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் உன் குழந்தைகளின் பல்வலி வரைக்கும் எனக்குத் தெரியும். ஒரு மனுஷியைத் தினமும் பார்ப்பவளுக்கும் வாரத்துக்கு ஒருமுறை பேசுபவளுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை நீயும் ஒத்துக்கொள்வாய்.

வீடு விற்பனைக்கு என்ற பலகையை ஒரு ஆள் கொண்டுவந்து அவள் வேலியோரம் நட்டபோது, நான் ஓடிப்போய், "வீடு மாறி வந்துட்டீங்க தம்பி" என்றேன். அவன் காகிதத்தை எடுத்துக் காட்டினான். சரியான வீட்டுக்குத்தான் வந்திருந்தான்.

அன்று நாலு மணிக்கு ஹெஸ்டர் வாசலிலேயே நின்றாள். "சொல்லணும்னுதான் இருந்தேன் மேவிஸ். தைரியம் வரல."

"என்ன தைரியம் வேண்டிக் கிடக்கு? நான் கடிச்சா வெச்சிடப் போறேன்?"

"இடுப்பு முடியலடி. டெஸ்ஸா கடலோரமா கீழ் ரூம் ஒண்ணு ஒதுக்கி வெச்சிருக்கா. ஜன்னலத் தொறந்தா அலை தெரியுமாம்."

"அலையப் பாத்துக்கிட்டே எவ்வளவு நேரம் உக்காருவ?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

முதலில் வீடு பார்க்க வந்தவருக்குப் பெரிய கார். பீச் மரத்தின் கீழ்க்கிளைகளை வெட்டினால் வாங்கிக்கொள்கிறேன் என்றார். எங்கள் சந்து பழமை மாறாமல் காக்கப்படும் பகுதி. யார் வீட்டு மரமானாலும் ஒரு கிளையைத் தொடுவதற்கு நகரசபைக்கு எழுதிப் போட்டு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். ஹெஸ்டர் எழுதிப் போட்டாள். அதற்குள் யார் வேண்டுமானாலும் தங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லலாம். நான் சொன்னேன். செம்பு நிற இலையோடு கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் அப்படியொரு மரம் இந்த ஊரில் வேறெங்கும் கிடையாது. அதைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதுவதில் என்ன தவறு இருக்கிறது? நகரசபை அதற்குத் தனியாகவே பாதுகாப்பு உத்தரவு போட்டது. கார்க்காரர் போய்விட்டார்.

ஹெஸ்டர் அந்தப் பதிலை இதே மேஜையில் வைத்துத்தான் படித்துக் காட்டினாள். "இந்தச் சந்தோட இதயமே இந்த மரம்தான்னு யாரோ எழுதியிருக்காங்களாம் மேவிஸ். யாரா இருக்கும்?"

"யாரானா என்ன, நல்லா எழுதியிருக்காங்க" என்றேன். அது பொய் இல்லை.

ஆனால் அடுத்து வந்த ஃபாரோ தம்பதி அந்த மரத்துக்காகவே வந்தார்கள். லண்டன்காரர்கள். பாதுகாக்கப்பட்ட மரம் என்று விளம்பரத்தில் பார்த்தார்களாம். அந்தப் பெண் இமோஜென் போய் அடிமரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். நான் என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதின எழுத்துதான் வீட்டை விற்றுக் கொடுத்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. அவர்களுடைய லண்டன் வீடு விலைபோனதும் வந்துவிடுவார்கள் என்று பேச்சு. அது எப்போது என்றுதான் தெரியாது. அந்த அவகாசம் எனக்கு இருந்தது.

ரெக்கின் துளை போடும் மெஷின் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. வெட்டின மரத்தின் கட்டை துளிர்க்காமல் இருக்க ஊற்றுகிற மருந்தைத் தோட்டக் கடையில் கேள்வி கேட்காமல் தருகிறார்கள். ஹெஸ்டர் இடுப்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு மத்தியானம், முட்டிக்கு மெத்தை போட்டுக்கொண்டு, கையுறை மாட்டிக்கொண்டு, வேர்களருகே மண்ணைத் தள்ளினேன். பட்டப்பகல்தான். மெஷினைப் பைக்குள் வைத்த நேரம் கீத் நாயோடு வந்தார்.

"என்ன மேவிஸ், அடுத்தவங்க தோட்டத்துலயும் களை பிடுங்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

"அவளால குனிய முடியல கீத்."

"உங்கள மாதிரி பக்கத்து வீடு கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். எனக்கு வாய்ச்சது, என் நாயக் கண்டாலே கதவச் சாத்திக்குது."

முட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவியை யாரும் சந்தேகப்படுவதில்லை. எனக்கே அது கொஞ்சம் வருத்தம்தான்.

அன்று நாலு மணிக்கு ஹெஸ்டர் வந்தபோது என் ஸ்வெட்டர் கைமடிப்பிலிருந்து சுருளாக ஒரு மரச்சீவலை எடுத்து, சாஸரின் ஓரத்தில் வைத்தாள். நான் அதைக் கேக் துணுக்குகளோடு குப்பையில் கொட்டினேன்.

மே மாதம் ஊரே பச்சையான போது பீச் மட்டும் சின்னச் சின்னதாக இலைவிட்டு, விட்ட கையோடு கருகியது. நகரசபையின் மர அதிகாரி ப்ராஸர் வந்து மண்ணைச் சுரண்டிப் பார்த்துத் துளைகளைக் கண்டுபிடித்தார். பாதுகாக்கப்பட்ட மரத்தைக் கொல்வது குற்றம். கோர்ட்டு நினைத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் அபராதம் போடலாம். மரத்தைச் சுற்றி நாடா கட்டினார். மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு தெரியும்வரை யாரும் தொடக்கூடாது, கீழேயும் போகக்கூடாது என்றார். பட்டுப்போன பீச் முன்னறிவிப்பே இல்லாமல் கிளையைப் போடுமாம். அதற்குப் பிறகு ஹெஸ்டர் என் வீட்டுக்குப் பின்பக்க நடைவழியாக வர ஆரம்பித்தாள்.

மரத்தின் கிளைகளை வெட்ட அனுமதி கேட்டவள் யார் என்று சந்துக்கே தெரியும். யாரும் அவளை நேரில் கேட்கவில்லை; எங்கள் ஊரில் அப்படிக் கேட்க மாட்டார்கள். காலை வணக்கம் நின்றது. சர்ச்சுக்குப் பூ வைக்கும் முறையில் அவள் வாரத்தை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். கடையில் அவள் நுழைந்ததும் பேச்சு வானிலைக்கு மாறும். கீத் மட்டும் அவள் காதுபடவே, "எங்க வீட்டுல கூட ஒரு பழைய மரம் நிக்குது, வீட்ட விக்கணும்னா ஹெஸ்டர்கிட்ட யோசனை கேக்கணும்" என்றார். கருகின இலையோடு ஒரு குச்சியை யாரோ அவள் கதவின் தபால் துளைக்குள் போட்டிருந்தார்கள். அதை நான் செய்யவில்லை. சந்துக்காரர்கள் அந்த வேலி ஓரமாக நடப்பதைக்கூட விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தார்கள்.

ப்ராஸர் என்னிடமும் வந்தார். "அந்த வேர்கிட்ட யாராவது வேலை செஞ்சதப் பாத்தீங்களாம்மா?"

"நான் எதையும் பாக்கல சார். பாத்திருந்தாலும், அவ என் சிநேகிதி" என்றேன்.

அவர் மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டார். நான் அவளைக் குற்றம் சொல்லவே இல்லை என்பதைக் கவனி.

அந்த வாரம்தான் ஹெஸ்டர் சாஸரின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"யாரு பண்ணதுன்னு எனக்குத் தெரியும் மேவிஸ்."

"அப்ப ப்ராஸர்கிட்டச் சொல்லிடு."

"சொல்லலாம். சொன்னா பக்கத்து வீட்டோட தகராறுன்னு ஆயிடும். சட்டப்படி அத வாங்கறவங்களுக்குச் சொல்லாம விக்க முடியாது. தகராறு இருக்கிற வீட்ட எவ வாங்குவா?"

"அதுவும் சரிதான்."

"கையெழுத்து ஆகட்டும்" என்றாள். "அப்புறம் ஒரு நாள் உக்காந்து பேசுவோம்."

வீடு விற்கிறவள் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட முடியாது. இது எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். அன்றிலிருந்து உன் அம்மா நாலு மணிக்கு வருவாள், கோப்பையைக் கையில் வைத்துக்கொள்வாள், பூந்தொட்டிகளைப் பற்றிப் பேசுவாள், ஒரு வாய் கூடக் குடிக்காமல் எழுந்து போவாள். என் வீட்டில் மருந்து மீதி இருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. வராமல் மட்டும் இருக்கவில்லை, பார்த்தாயா? அவளால் அது முடியாது.

ஃபாரோ தம்பதி பின்வாங்குவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். அந்தப் பெண் இரண்டு நாள் அழுதாளாம். பிறகு, கொல்லப்பட்ட மரம் நின்ற இடத்தில் அதே ஜாதியில் இன்னொன்றை நட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருப்பதைக் கேள்விப்பட்டு, "அப்ப நாங்களே எங்க கையால நடறோம்" என்று சொல்லிவிட்டாள். சில பேருடைய நல்ல மனசு எவ்வளவு தொந்தரவு கொடுக்கிறது.

அக்டோபரில் எல்லாம் முடிந்தது. வெள்ளிக்கிழமை சாமான் வண்டி வருகிறது என்றும் நீயும் வருகிறாய் என்றும் ஏற்பாடு. வியாழக்கிழமை காலை போன் செய்தாள்.

"கையெழுத்து ஆயிடுச்சு மேவிஸ். நாலு மணிக்கு வரேன். பேசணும்னு சொன்னேன்ல."

"வா" என்றேன். அவள் குரல் ரொம்ப நாளைக்குப் பிறகு தெளிவாக இருந்தது. அவள் பேசினால் ப்ராஸரிடமும் பேசுவாள், கீத்திடமும் பேசுவாள், அதற்குப் பிறகு எனக்கு இந்தச் சந்தில் யார் முகம் கொடுப்பார்கள் என்று நான் பயந்ததாக நீ நினைக்கலாம். அப்படி இல்லை. போகிற நேரத்தில் எங்களுக்குள் கசப்பு வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அன்று பலத்த காற்று. ரேடியோவில் காலையிலேயே எச்சரித்திருந்தார்கள். பின்பக்கக் கதவை நான் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தேன். நாலு மணிக்கு அவள் வந்து தட்டினாள். கேட்டது. கோப்பை கழுவிக்கொண்டிருந்ததால் என் கை ஈரமாக இருந்தது. மறுபடியும் தட்டி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கைத்தடியின் சத்தம் முன்பக்கமாகச் சுற்றிப் போனது. அங்கிருந்து என் முன்வாசலுக்கு வர வேண்டுமானால் அவள் தோட்டத்து மரத்தடி வழியாகத்தான் வர வேண்டும். நாடாவைத் தூக்கிக் குனிவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும். நான் கையைத் துடைத்துக்கொண்டு, கேக்கை வெட்டிவைத்தேன்.

கிளை விழுந்த சத்தத்தைக் காற்று என்று நினைத்ததாகக் கீத் போலீஸிடம் சொன்னார். நான் அப்படி நினைக்கவில்லை.

வலி தெரிந்திருக்காது, உடனே போயிருப்பார்கள் என்று அந்தப் போலீஸ்காரர் உன்னிடம் சொன்னார் இல்லையா? நல்ல மனிதர். ஆனால் அது நிஜமில்லை. இடுப்புக்குக் கீழேதான் கிளைக்கு அடியில் இருந்தது. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தபோது கண் விழித்திருந்தாள். "ஆம்புலன்ஸக் கூப்பிடு மேவிஸ்" என்றாள். "டெஸ்ஸாவுக்குச் சொல்லு." அவள் போன் கோட்டுப் பையில் இருந்தது. அதை எடுக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நீ அழு கண்ணு, பரவாயில்லை. ஆனால் என் பக்கமும் யோசித்துப் பார். ஆம்புலன்ஸ் வந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உன் வீட்டுக்கு, அந்த ஜன்னலுக்கு, அலைகளுக்கு. திரும்பி இந்தச் சந்துக்கு வர அவளுக்கு வீடு ஏது? நான் கூப்பிட்டிருந்தால் ஒரேயடியாகப் போயிருப்பாள். அதனால் "கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்பிடறேன்" என்று சொன்னேன். என் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்திவிட்டேன். உன் அப்பாவைப் பற்றி, ரெக்கைப் பற்றி, நாங்கள் நாலு பேரும் மழையில் கூடாரம் போட்ட விடுமுறையைப் பற்றி எல்லாம் பேசினேன். அந்தப் பக்கமாக யாரும் வரவில்லை. அந்த ஓரமாக நடப்பதைத்தான் எல்லோரும் விட்டுவிட்டார்களே. தெரு விளக்கு எரிந்தபோது அவள் அமைதியாக இருந்தாள். அதற்கப்புறம் உள்ளே போய் போன் செய்தேன்.

இன்று காலை நீ கேட்டாய், அம்மாவின் மணிக்கட்டில் நீலமாக விரல் தடம் மாதிரி இருந்ததே, அது கிளை பட்டதா என்று. இல்லை. அது நாங்கள் இருவரும் கை கோர்த்துக்கொண்டிருந்த தடம். என்னை விட்டுப் போக உன் அம்மாவுக்கு மனமே இல்லை டெஸ்ஸா. அந்தத் தடத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா, எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று.