பன்னிரண்டு மணிக் கட்டம்

— கையெழுத்து உன்னுதுதானே பிரிஜெட்? அப்புறம் எதுக்கு அந்த சார்ட்டை மடில வெச்சுக்கினு உக்காந்திருக்க? குடு இங்க.

— என்னுதுதான் ஆஷாக்கா. காலைல ஏழு மணிக்கு வந்ததும் எல்லாக் கட்டத்தையும் ரொப்பிட்டேன். எட்டு மணி லெஃப்ட் சைடு. பத்து மணி ரைட் சைடு. பன்னெண்டு மணி தூக்கி உக்கார வெச்சு தண்ணி நாலு ஸ்பூன்.

— இந்த ஹோம்ல எல்லாரும் அப்டித்தான் பண்றோம். யூனிஸ் லீவு. பதினாலு பெட்டுக்கு நீ ஒருத்தி. ஒவ்வொருத்தரையும் திருப்பிப் படுக்க வெச்சுட்டு அப்பப்போ எழுதவும் செய்யணும்னா ஆகுமா?

— அப்பப்போ எழுதாதது போவட்டும். நான் போகவே இல்லியேக்கா! எட்டு மணிக்கு சுப்ரமணியன் ஐயாவைத் திருப்பினேன், அவ்ளோதான். அப்புறம் ஏழாம் பெட் அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க, அவங்களோடயே போச்சு. ஒண்ணேகாலுக்கு நீங்க கஞ்சி எடுத்துக்கினு போய் கத்தினப்போதான் ஓடி வந்தேன். கையைத் தொட்டா ஜில்லுனு இருக்கு.

— டாக்டர் உயிர் போன நேரம் பன்னெண்டே முக்கால்னு போட்டுட்டாரு. ஆயித்து, விடு.

— பன்னெண்டுக்கு தண்ணி குடிச்சாருன்னு நான் எழுதினதைப் பாத்துதானே போட்டாரு? ஐயாவோட பொண்ணு போன்ல நேரத்தையே கேட்டுக்கினு இருந்தாங்களே, ஏன்னு தெரியுமா? பதினொன்னேகாலோட ஏகாதசி முடியுதாம். அதுக்கு முன்னாடி உயிர் போயிருந்தா ஏகாதசி அன்னிக்கு திவசம், பின்னாடின்னா அடுத்த நாளாம். நான் கிறுக்கினதை நம்பி வருசா வருசம் தப்பு நாள்ல செய்வாங்க.

— நீ சர்ச்சுக்குப் போறவ. உனக்கு எதுக்குப்பா ஏகாதசி?

— எந்த சாமியா இருந்தா என்னக்கா, அப்பன் செத்த நேரம்!

— சொன்னா உன் வேலையும் போவும், என் வேலையும் போவும். உன் பையன் ஓஸ்வால்ட் படிப்பை நெனைச்சுப் பாரு.

— ரெண்டு மணி நேரமா அதைத்தான் நெனைக்கிறேன். பயமாத்தான் இருக்கு. ஆனா இதை மறைச்சுட்டு சாயங்காலம் மாரிகுப்பம் ரயில் ஏறி வீட்டுக்குப் போயி, நாளைக்குத் திரும்ப வந்து இன்னொருத்தர் உடம்பைத் தொட என்னால ஆகாது. சொல்லிடறேன்.

— ஷ்ஷ்... வந்துட்டாங்க. வாங்க நிருபமா மேடம், உக்காருங்க.

— உக்கார நேரமில்லை. திதி குறிக்க வாத்தியார் லைன்ல இருக்கார். அந்த சார்ட்டைக் காமிங்கோ. பன்னெண்டு மணிக்கு தண்ணி... இது யார் எழுதினது?

— நான்தான் மேடம், பிரிஜெட். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.

— இருங்கோ. மொதல்ல நான் கேட்டுடறேன், இல்லேன்னா அழுதுடுவேன். பதினோரு மணிக்கு நான் இங்க வந்தேன். யாரும் பாக்கலை. ஒரு மீட்டிங் வேற ஓடிண்டிருந்தது, காதுல போன். கதவைத் தொறந்து பாத்தேன், போத்திண்டு படுத்திருந்தார். தூங்கறார், எழுப்ப வேண்டாம்னு அப்படியே திரும்பிட்டேன். கிட்டப் போய்த் தொடக்கூட இல்லை. அப்போ அப்பா தூங்கிண்டுதானே இருந்தார்? சொல்லுங்கோ, தூங்கிண்டுதானே இருந்தார்?

— தூங்கிட்டுதான் இருந்தாரு மேடம். பன்னெண்டு மணிக்கு நான்தான் எழுப்பி உக்கார வெச்சேன். நாலு ஸ்பூன் தண்ணியும் குடிச்சாரு.